கடைமடைக்கு வராத கணக்கு

என் நிலம் பாகூர் ஏரி வாய்க்காலின் கடைமடை. எனக்கு மேலே மச்சான் நிலம். என் மனைவியின் தம்பி அவன். தண்ணீர் அவனைத் தாண்டித்தான் என்னிடம் வரவேண்டும்.

மேலே இருப்பவன் நிரப்பிக்கொண்ட பிறகுதான் கீழே விடுவான். அதுதான் பழைய ஏற்பாடு. ஏரிச் சங்கம் அதை மாற்ற நினைத்தது. நிலத்தின் அளவுக்கு இத்தனை நேரம் என்று கடிகாரம் பார்த்து விடலாம் என்றார்கள். கடைமடைக்கு எது நல்லது என்று பார்க்க, புதுச்சேரியில் படிக்கும் ஒரு பெண் லேப்டாப்போடு வந்தாள்.

"நெசத் தண்ணி வேணாம்ணே. ஏரி, வாய்க்கா, நெலம் எல்லாம் இதுக்குள்ள இருக்கு. ரெண்டு மாதிரியும் வுட்டு வுட்டுப் பாப்பேன்."

கடைமடைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதற்கு ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தது. அவற்றை எந்தக் கணக்குப் போட்டு ஒப்பிடுவது என்று சொல்ல இன்னொரு புரோகிராம் வைத்திருந்தாள். கணக்கு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தது போல அது கேள்வி கேட்கும். பதிலை வைத்து வழி சொல்லும்.

சங்கக் கட்டடத்தில் எல்லோரும் இருந்தோம். கேள்விகளைப் படித்துக்கொண்டே வந்தாள். ஒரு கேள்வி: ஒருவர் முறையில் நடப்பது அடுத்தவர் முறையைப் பாதிக்குமா?

மச்சான் முந்திக்கொண்டான். "அதெப்படி? அவங்கவங்க மொற அவங்கவங்களுக்கு."

எல்லோரும் தலையாட்டினார்கள். வயல் நிரம்பிய பிறகும் மடையை அடைக்காத பழக்கம் யாரிடம் இல்லை? மேலே இருப்பவன் சொந்தக்காரனாக இருப்பான். கேட்க மாட்டோம். சங்கத் தலைவர் எதிரில் சொன்னால் அவனைத் திருடன் என்று சொன்னதாகும். நானும் பேசவில்லை.

'இல்லை' என்று அழுத்தினாள். சுலபமான கணக்கு ஒன்றை அது காட்டியது. கடைமடைக்குக் குறைவில்லை என்று வந்தது. கடிகார முறைக்கே தீர்மானம் போட்டார்கள்.

நெல் பொதிகட்டி, கதிர் வெளிவரப்போகும் நேரம். என் முறை தொடங்கியபோது வாய்க்காலில் கணுக்கால் நனையவில்லை. வயல் வெடித்திருந்தது. அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன்.

"பாதிக்கும்னு போடு பாப்பா."

"அன்னிக்கு ஒருத்தரும் சொல்லலையேண்ணே!"

மாற்றி அழுத்தினாள். முதலில் போட்ட கணக்கு செல்லாது என்றது. நேரம் தாண்டி எவ்வளவு விடுகிறார்கள் என்று கேட்டது.

"யாருக்குத் தெரியும்? யாரும் பாக்கறதில்ல."

'தெரியாது' அழுத்தினாள். அளந்து கொண்டுவா என்றது.

"அளக்கறதுக்குள்ள பயிரு போயிடும்."

"அத சொல்றதுக்கு இதுல பட்டன் இல்லண்ணே."

தலைவரிடம் போனேன். "தீர்மானம் போட்டாச்சுப்பா. அறுப்பு முடியட்டும், பாக்கலாம்."

மச்சான் வரப்பில் நின்றிருந்தான். அவன் வயலில் தண்ணீர் ததும்பியது.

"இன்னா மாமா, கம்ப்யூட்டரு இன்னா சொல்லுச்சி?"

"மடைய அடை. உன் நேரம் முடிஞ்சிபோச்சி."

போனில் மணி பார்த்தான். "அக்கா சொல்லி அனுப்புச்சா?"

"நான் சொல்றேன்."

சிரித்தான். மெதுவாகத்தான் மண்வெட்டியை எடுத்தான்.

தண்ணீர் பாதி வயல்வரை வந்தது. அதற்குள் என் நேரம் முடிந்து, ஏரி மதகை இறக்கிவிட்டார்கள்.

அறுப்பு வந்தபோது மறுபாதி பதர். அதற்கு அறுப்பு மெஷினை இறக்கவில்லை. மாட்டை அவிழ்த்து விட்டேன்.