புங்கமடுவின் காவல்காரி

அமிர்தவள்ளி புங்கமடுக் கரையில் முதன்முதலாகக் கம்பூன்றி நின்றபோது ஊர்ப் பஞ்சாயத்தார் அவளை அனுப்பியிருக்கவில்லை. அந்த வருஷத்துக் காவல் அவள் புருஷன் தானியேலுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அவனோ மாசி முடிவதற்குள் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைத்ததென்று ரயிலேறிப் போய்விட்டான்.

ஆம்பூருக்குக் கீழே பாலாறு கோடையில் வெறும் மணல்தான். தண்ணீர் தங்குவது அங்கங்கே இருக்கும் மடுக்களில் மட்டும். ஆற்றில் உள்ள கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் சினையோடு அங்கே வந்து ஒடுங்கிக் கிடக்கும். சில வருஷங்களுக்கு முன்னால் யாரோ கள்ளிப்பாலைக் கலக்கி, புங்கமடுவில் இருந்த மீனை ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகளும் சுருண்டு விழுந்தன. அடுத்த மழைக்கு வெள்ளம் வந்தது, மீன் வரவில்லை. அதற்கப்புறம்தான் ஊர் கூடி, பங்குனி பிறந்ததிலிருந்து புதுவெள்ளம் வரும்வரைக்கும் மடுவில் வலையோ வேட்டோ மருந்தோ கூடாதென்று கட்டுப்பாடு வைத்தது. காவலுக்கு ஓர் ஆளையும் வைத்தது.

"பொம்பள இன்னாத்த காவல் காப்ப?" என்று பஞ்சாயத்தில் கேட்டார்கள்.

"வேற ஆளு கெடச்சா வைங்க. அதுவரிக்கும் நான் நிக்கிறேன்" என்றாள் அமிர்தவள்ளி.

அந்த வெயிலில் நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லை.

அதுவரை அவள் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை உரித்துப் போட்டுப் பிழைத்தவள். காட்டு வெயில் அவளுக்குப் புதிதல்ல. காலையில் முள்ளு வெட்டி இழுத்து வந்து மடுவுக்குள் போடுவாள், வீசுகிற வலை சிக்கிக் கிழியட்டும் என்று. வற்றுகிற குட்டைகளில் துடிக்கும் குஞ்சுகளைப் பானையில் அள்ளி மடுவில் கொண்டுவந்து விடுவாள். சுண்ணாம்பில் ஊறிய தோலை மடுவில் அலச வண்டியோடு வந்தவனைத் திருப்பி அனுப்பினாள். வலையோடு வந்த இரண்டு பேரோடு கட்டிப் புரண்டு வலையைப் பிடுங்கினாள். ஊரில் சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். ஊற்றுத் தண்ணீருக்குக் குடத்தோடு வரும் மஹ்பூபி மட்டும் தினமும் சற்று நேரம் அவளோடு நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். மஹ்பூபியின் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்ப்பவர்.

"இன்னா பேஜாரு உனக்கு? மீனு உன் வூட்டு மீனா?"

"யார் வூட்டுதும் இல்ல. அதாங்காட்டியும் யாரும் பாத்துக்க மாட்றாங்க."

ஈஸ்டருக்கு முந்தின நாள் தானியேல் கோலாரிலிருந்து வந்தான். கூடவே சுரங்கத்துக் கூட்டாளி கோதண்டபாணியும் வந்தான். உச்சிப்பொழுதில் இருவரும் நேரே மடுவுக்கு வந்தார்கள். கோதண்டபாணி துணி மூட்டையை அவிழ்த்ததும் அமிர்தவள்ளிக்கு விளங்கிவிட்டது. உள்ளே பாறை பிளக்கிற வேட்டு.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஒரே வேட்டு, ஊருக்கே பண்டிகக் கொழம்பு."

அவள் புருஷனைப் பார்த்தாள். "உன்ன நம்பிக் காவலுக்குக் குடுத்த மடுய்யா இது."

"ஒரு நாளு தானே, வளர்த்தாதே" என்றான் தானியேல்.

"கொழம்புக்குக் கருவாடு வாங்கி வெச்சிருக்கேன், வூட்டுக்குப் போ. இதுல ஒண்ணப் போட்டா பெருசு சிறுசு சினை எல்லாம் போச்சு. அடுத்த வெள்ளத்துக்கு ஏறிப் போவ ஒரு மீன் இருக்காது."

கோதண்டபாணி சிரித்துக்கொண்டே தீப்பெட்டியை எடுத்தான். அமிர்தவள்ளி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு, பிறகு மார்பளவு. நடு மடுவில் போய்த் திரும்பி நின்றாள்.

"போடு" என்றாள்.

பொம்பளை பயந்து ஓடி வருவாளென்று நினைத்தானோ என்னவோ, கோதண்டபாணி திரியைக் கொளுத்தியே விட்டான். புஸ்ஸென்று பொறி கிளம்பியது. அவள் நகரவில்லை.  

"டேய், குடுடா!" என்று கத்திக்கொண்டு தானியேல் பாய்ந்தான். வேட்டைப் பிடுங்கி, அவளுக்கு வலப்பக்கக் கரையில் காய்ந்த மணலில் வீசினான். மணல் பனைமர உயரத்துக்கு எழும்பிக் கொட்டியது. அவள் காதில் 'ங்' என்று ஒரே இரைச்சல். அந்தப் பக்கத்துக் காது அன்றைக்கு மந்தமானதுதான், கடைசிவரை சரியாகவில்லை.

சத்தம் கேட்டு ஊற்றடியிலிருந்த பெண்களெல்லாம் ஓடி வந்தார்கள். முன்னால் வந்த மஹ்பூபி கோதண்டபாணியின் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"அரே, மனுசனாடா நீ? தண்ணிக்குள்ள ஆளு நிக்கிது, கண்ணு தெரியல?"

அவன் சட்டையை விடுவித்துக்கொண்டு மிச்ச வேட்டுகளை மணலில் வைத்துவிட்டு நடையைக் கட்டினான். தானியேல் கையைக் கொடுத்துப் பெண்டாட்டியைக் கரையேற்றினான்.

 மறுநாள் கோவிலுக்குப் போய் வந்து சாப்பிடும்போதுதான் தானியேல் கேட்டான்: "கொளுத்திட்டான்னு தெரிஞ்சும் ஏன் நவுரல நீ?"

"நவுந்தா போட்ருப்பான்."



அந்த வாரமே பஞ்சாயத்து கூடி, காவல் இனி அமிர்தவள்ளிக்கே என்றது. துணைக்கு மஹ்பூபியையும் போட்டால்தான் ஏற்பேன் என்று அவள் நின்றாள். முணுமுணுத்தார்கள், ஆனால் ஒத்துக்கொண்டார்கள். ஆடிக் கடைசியில் மைசூர்ப் பக்கத்து மழை இறங்கிச் செந்தண்ணீர் வந்தபோது, மடுவிலிருந்த மீனெல்லாம் எதிர்நீச்சலில் பாறை தாண்டி ஏறியது. ஏறுகிறதை ஏறவிட்டு, ஒதுங்குகிறதைப் பிடிக்கக் கூடையோடு நின்ற கூட்டத்தில் அவளும் இருந்தாள். முதல் கூடைக் கெண்டையில் பாதி மஹ்பூபி வீட்டுக்குப் போனது.

எல்லாக் கோடையும் அப்படி நல்லபடியாக முடிந்துவிடவில்லை. இரண்டு மழை தவறிய ஒரு வருஷம் புங்கமடு அடியோடு வற்றியது. சேறு தெரிய ஆரம்பித்ததும் அமிர்தவள்ளி வீடுவீடாகப் போய்ப் பானை கேட்டாள். மேட்டு நிலத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக் கிணற்றில் மீனை விட்டுவைத்து, வெள்ளம் வந்ததும் ஆற்றில் சேர்ப்பது என்று தீர்மானம். சொல்லி அனுப்பியதைக் கேட்டுத் தானியேல் கோலாரிலிருந்து வந்துவிட்டான். வந்த வேகத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுப் பானையைத் தோளில் வைத்தான். சுடுமணலில் போக வர, போக வரச் சுமந்தார்கள். பாதிக்குமேல் வழியிலேயே செத்தது. பிழைத்ததைக் கிணற்றில் விட்டார்கள்.

"இது போதுமாடி?" என்று மூச்சிரைக்கக் கேட்டான் தானியேல்.

"போதாது. இன்னும் சேத்துல கெடக்குது, வா" என்று காலிப் பானையை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.