கற்பூர வில்லைக்குள் மிளகு

அறுபதுகளின் நடுவில், திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில், கற்பூரத்தை வைத்து விண்கலம் ஓட்டப் பார்த்தவள் நான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அன்று ஆய்வகமே சிரித்தது. வெளிநாடுகளில் பாதரசத்தையும் சீசியத்தையும் ஆவியாக்கி, மின்சாரத்தால் அயனிகளாக்கி, வேகமாகப் பின்னால் தள்ளினார்கள். அந்த உதைப்பில் கலம் முன்னே போகும். சீசியத்துக்கு நான் எங்கே போவேன்? கற்பூரம் ஸ்ரீரங்கத்தில் கடைக்குக் கடை கிடைத்தது. சூடாக்கக்கூட வேண்டாம், தானே ஆவியாகும்.

என் கணவர் திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அயனிகளை இழுத்துத் தள்ளும் உலோக வலையைத் துளை துளையாகப் போட்டுத் தந்தவர் அவர்தான். விண்வெளியைப் பற்றி அவருக்கு ஒரு அக்கறையும் கிடையாது. என்மேல் நிறைய இருந்தது. காட்டூர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, கற்பூரத்தை அச்சில் இறுக்கி வில்லை செய்வார். அன்றைக்குக் குழம்பும் கோயில் வாசனை அடிக்கும்.

கடைசியில் துறைத் தலைவர் கெடு வைத்தார்.

"வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டுங்கம்மா. இல்லேன்னா அந்தப் பம்ப் கெமிஸ்ட்ரிக்குப் போயிடும்."

கண்ணாடிக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்ச எங்களிடம் இருந்ததே அந்த ஒரு பம்ப்தான். அது போனால் என் ஆராய்ச்சியும் போச்சு.

வெள்ளிக்கிழமை புது வில்லையைக் குழாயில் வைத்துப் பம்பைப் போட்டேன். வலைக்கு எதிரே மெல்லிய மைக்கா தகடு தொங்கியது. அது அசைந்தால் நான் ஜெயித்த மாதிரி. அழுத்தம் காட்டும் முள் பாதி இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே எங்கிருந்தோ ஈரம் கசிகிறது. இணைப்புகளுக்கெல்லாம் மெழுகு பூசிப் பார்த்தேன், முள் நகரவில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வில்லை தேயத் தேய, நடுவில் கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. மிளகு! அதற்குள் இருந்த ஈரம்தான் முள்ளை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன்.

"வில்லைக்குள்ள மிளகு வெச்சீங்களா?"

"ஆமா, இந்தத் தடவை ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு வெச்சேன். காலேஜுக்குப் போறதுக்குள்ள பாதி தேஞ்சு போயிடுதுன்னு நீதானே புலம்பினே? பூஜை டப்பாவுல போடறதில்லையா? மிளகு இல்லேன்னா கற்பூரம் காத்துல போயிடுமே."

"போகணுங்க! காத்துல போறதுதான் அதோட வேலையே!"

அவர் முகம் சுண்டிப்போனது. அழுகையும் ஆத்திரமுமாக நான் படுத்துவிட்டேன். பம்ப் திங்கட்கிழமை கெமிஸ்ட்ரிக்குப் போனது, திரும்பி வரவேயில்லை. ஆனால் என் பொருள் வீணாகக் கூடாது என்று மிளகு மிளகாகப் பொறுக்கி வைத்த மனுஷன்மேல் எத்தனை நாள் கோபமாக இருக்க முடியும்? எனக்கு முடியவில்லை.

அந்த வாரமே பூஜை டப்பாவிலிருந்த மிளகையும் அவர் எடுத்துவிட்டார். பிறகு போடவேயில்லை. கற்பூரம் பாட்டுக்குத் தேயும், அவர் பாட்டுக்கு ஸ்ரீரங்கம் பஸ் ஏறிப் புதிதாக வாங்கி வருவார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருமுறை, நாலு மிளகு போட்டு வைக்கக் கூடாதா என்று கேட்டார்.

"போகட்டுங்க," என்றார் இவர், என்னைப் பார்க்காமலே. "அதோட வேலையே அதுதான்."