தண்ணி மாத்த ஒரு அறை

காலையில் சரியாக இருந்த செருப்பு மாலையில் பாதத்தைக் கடித்தது. அதுதான் ஆரம்பம்.

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் பிசிறு, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க நிற்கிறோம், கால் வீங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பிறகு முகமும் ஊதியது. எஸ்தர் நல்லா சதை போட்டிருக்கா, கர்த்தர் ஆசீர்வதிச்சிருக்கார் என்று சபையில் சகோதரிகள் சொன்னார்கள். நானும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேன்.

இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் இரத்தத்தில் தங்கிவிடும் கழிவு) மிக அதிகமாக இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் என் கணவர் சாலமோனைப் பார்த்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிடுச்சும்மா. டயாலிசிஸ் ஆரம்பிச்சாகணும்."

இரண்டு வழி சொன்னார். ஒன்று, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. இன்னொன்று வயிற்று வழி டயாலிசிஸ் (குழாய் வைத்து வயிற்றுக்குள் மருந்துத் திரவத்தை நிரப்பி, கழிவு அதில் இறங்கியதும் வடித்துவிடுவது). இதை வீட்டிலேயே நாமே செய்யலாம், ஆனால் தினமும் நாலு தடவை செய்ய வேண்டும்.

நான் இரண்டாவதைக் கேட்டேன். வாரத்தில் மூன்று நாள் வராத ஆளை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? வேலை போனால் கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸும் போகும். என் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். இன்சூரன்ஸ் இல்லாமல் இந்த வைத்தியத்தை எங்களால் தாங்க முடியாது. ஆகவே வேலையை விடாமல் இருப்பதும் எனக்கு வைத்தியம்தான்.

வயிற்றில் குழாய் வைத்தார்கள். நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். அவர் அதை "தண்ணி மாத்தறது" என்றுதான் சொன்னார். நாங்களும் அப்படியே சொல்லப் பழகினோம். முடிச்சூர் வீட்டில் திரவப் பையைத் தொங்கவிடப் படுக்கை அறை ஜன்னல் கம்பியில் கொக்கி மாட்டினார் என் கணவர். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முகத்துக்குத் துணி கட்டி, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் குழாயைத் தொட வேண்டும். தூசியோ கிருமியோ உள்ளே போனால் பெரிட்டோனைட்டிஸ் (வயிற்றின் உள்சவ்வில் தொற்று) வந்து ஆளைச் சாய்த்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள், ஜெபம் தானாக வரும்.

நாலில் ஒன்று மதியத்தில் வரும். அந்த நேரம் நான் கம்பெனியில் இருப்பேன். அங்கே எங்கு பார்த்தாலும் பஞ்சு பறக்கும். ஸ்டோரில் துணி மூட்டை. மிச்சம் இருந்தது கழிவறைதான். அங்கே குழாயைத் திறக்க முடியுமா?

"யார்கிட்டயும் சொல்லாத. வீட்ல இருந்து ஒடம்பப் பாத்துக்கோன்னு அனுப்பிடுவாங்க" என்றார் இவர். நானும் பயந்து, மதியத்து முறையை மாலைக்குத் தள்ளினேன். கால் மறுபடி வீங்கியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டரம்மா திட்டினார். இப்படியே போனால் மிஷினுக்குத்தான் மாத்தணும் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எச்.ஆர். மேடம் எல்லாரையும் கூட்டினார். மருத்துவச் சலுகைகளை இந்த வருஷம் நல்லபடியாக மாற்றப் போகிறோம், யாருக்கு என்ன தேவையோ சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள் என்றார். கர்த்தர் திறந்த வாசல் என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தது. எங்கள் லைன் சூப்பர்வைசர் லோகு அண்ணன் காதில் மெதுவாகச் சொன்னேன். "அண்ணா, மதியம் ஒருதடவ தண்ணி மாத்தணும். சுத்தமா இருக்கணும். கொஞ்சம் ஏற்பாடு பண்ணச் சொல்லுங்க." அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் எங்கள் லைன் பக்கத்தில் ஒரு புது மிஷின் வந்து நின்றது. தலையில் தண்ணீர் கேன். ஒரு குழாயில் சூடு, ஒன்றில் ஜில். மதியம் ஒரு ஆள் வந்து பழைய கேனை எடுத்துவிட்டுப் புது கேன் வைத்துவிட்டுப் போனான்.

"எஸ்தர் அக்கா புண்ணியத்துல ஜில்லு தண்ணி குடிக்கிறோம்" என்று பெண்கள் கும்பிட்டார்கள். லோகு அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "இன்னாமா, சொன்ன மாதிரி டெய்லி மாத்துறாங்களா? மேடத்தாண்ட நான்தான் அடிச்சுப் பேசினேன்."

எனக்கு டாக்டர் ஒரு நாளைக்குக் குடிக்கச் சொன்ன தண்ணீரே கொஞ்சம்தான். அந்த மிஷினைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யார் மேலும் குற்றமில்லை. எங்கள் ஊரில் தண்ணி மாத்தணும் என்றால் கேன்தானே?

அன்று மதியம் சாப்பாட்டைத் தொடாமல் ஜெபம் பண்ணிவிட்டு, பையில் வைத்திருந்த திரவப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக எச்.ஆர். மேடத்திடம் போனேன். அதை மேசையில் வைத்தேன். இது தண்ணி, இதைத்தான் மாத்தணும் என்று சொல்லி, புடவையை விலக்கிக் குழாயைக் காட்டினேன். மேடம் எழுந்து நின்றுவிட்டார்.

மேனேஜர் சாரையும் கூப்பிட்டார். அவர் நல்ல மனுஷர். நீங்க ஏம்மா இவ்வளவு கஷ்டப்படறீங்க, வீட்ல ரெஸ்ட் எடுங்க, ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனா எல்லாம் பாலிசியில வரும் என்றார்.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

"படுத்தா குடுக்கறீங்க சார். நான் படுக்காம இருக்கத்தான் கேக்கறேன்."

சார் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேடம்தான், சரி, என்ன வேணும்னு சொல்லுங்க என்று பேனாவை எடுத்தார். தாழ்ப்பாள் போடுகிற கதவு, ஒரு கொக்கி, ஒரு நாற்காலி, கை கழுவத் தொட்டி, அரைமணி நேரம். ஃபேன் வேண்டாம் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். காரணத்தைச் சொன்னேன்.

சாம்பிள் சட்டைகள் வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்தார்கள். கழுவி வெள்ளை அடித்தார்கள். லோகு அண்ணனே நாற்காலி மேல் ஏறிக் கொக்கி அடித்தார். "ஒசரம் போதுமா பாரு. இப்பயாவது சரியா சொல்லு தாயே, அப்பறம் அந்தாண்ட ஒரு வாட்டர் டேங்க் வந்துரும்" என்றார். நான் அவ்வளவு சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது.

மேடம் அதோடு விடவில்லை. வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளையும் புது பாலிசியில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அறையை இப்போது மற்றவர்களும் முறை வைத்து உபயோகிக்கிறார்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் அக்கா ஒருவர் வருகிறார். பிரசவம் முடிந்து வந்த பெண்கள் பால் எடுத்து வைக்கிறார்கள். ஐந்தாவது வரை படித்த நான் கேட்டு வந்த அறை அது. சபையில் சாட்சி சொன்னபோது தலை நிமிர்ந்துதான் சொன்னேன். பெருமை பாராட்டக் கூடாது என்பார்கள். இதற்குக் கர்த்தர் கோபிக்க மாட்டார்.

இதே நோயோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கம்பெனிக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டும். ஆகவே கூச்சப்படாமல், முழுசாக, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

முன்பெல்லாம் என் உடம்பை நான் நினைத்ததே இல்லை. மிஷின் ஓடுகிற வரைக்கும் அதை யார் பார்க்கிறார்கள்? இப்போது சாப்பாட்டு மணி அடித்ததும் அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறேன். பழைய தண்ணீர் இறங்குகிறது. தொற்றில் கலங்காமல் தெளிவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். புதுத் தண்ணீர் வெதுவெதுப்பாக உள்ளே ஏறும்போது, பிள்ளை உண்டான மாதத்தில் இருந்ததுபோல வயிறு மெல்லக் கனக்கிறது. முன்பு நீடித்த ஆயுசு கேட்டு ஜெபிப்பேன். இப்போது சாயங்காலம் வரைக்கும் கேட்கிறேன். சாயங்காலம், மறுபடி காலை வரைக்கும். குழாயை மூடி, புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தால் என் மேசையில் சட்டைகள் குவிந்து கிடக்கும். நின்று வேலை பார்க்கிறேன்.