இடப்பக்கக் கதவின் நீலம்

சென்ற வாரம் என் காரை மெருகேற்றக் கொடுத்திருந்த கடையில் ரப்பிங் காம்பவுண்ட் பசையின் நெடி மூக்கில் ஏறியது. கடை முழுவதும் குளிரூட்டி, கண்ணாடித் தடுப்பு. நெடி மட்டும் பழையது. அது என்னை மலையாள நாட்டுக் கரமனையில், நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் ஆண்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

அக்காவின் கணவர், என் அத்திம்பேர், அப்போது ஒரு பழைய நீலக் கார் வாங்கியிருந்தார். "லேடி டாக்டர் ஓட்டின வண்டியாக்கும். ஆத்தை விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியை விட்டா ஆத்துக்குத்தான்" என்று தெரு முழுவதும் சொன்னார். தம் தங்கையைப் பெண் பார்க்க வருவோருக்கு எழுதிய கடிதத்திலும் அதைச் சேர்த்துவிட்டார். மறுநாள் காலை அவர்களை ரயில் நிலையத்திலிருந்து அந்தக் காரில்தான் அழைத்து வர வேண்டும். சாம்பல் பூத்துக் கிடந்த வண்டியைப் பளபளப்பாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இயந்திரங்களைப் பற்றிய என் அறிவு தட்டச்சுப் பொறியோடு முடிந்திருந்த காலம் அது.

பழவங்காடிக் கடையொன்றில் வாடகைக்கு எடுத்த பாலிஷ் மெஷின், முதலில் காம்பவுண்டை என் சட்டையில் வாரி இறைத்தது. வெயிலில் சூடேறிய தகட்டில் எஞ்சியது அப்பளமாய்க் காய்ந்தது. வண்டியை நிழலுக்குத் தள்ளியதும் சரியாயிற்று. வட்ட வட்டமாய்க் கீறல்கள் விழுந்தன. வேகத்தைக் குறைத்துத் தேய்த்ததும் மறைந்தன. பிறகு வெள்ளைக் கம்பளி வட்டு நீலமாயிற்று. பெயிண்டையே உரித்துவிட்டேன் என்று அஞ்சி, வட்டைச் செய்தித்தாளில் பொதிந்து, பஸ் ஏறிப்போய்க் கடைக்காரரிடம் காட்டினேன். நீங்கள் சிரிக்கலாம், அவரும் சிரித்தார்.

"பயப்படண்டா சாரே. பழைய பெயிண்டானா நெறம் எளகும். செத்த தோலாக்கும் அது."

வலப்பக்கம் கண்ணாடியாயிற்று. இடப்பக்கக் கதவுகளில் சாம்பல் விலக விலக, மலையாள எழுத்துகள் ஒவ்வொன்றாய்த் துலங்கின: டிரைவிங் ஸ்கூல். முன்பு ஒட்டியிருந்த எழுத்துகளுக்கு அடியில் மட்டும் நீலம் வெளிறாமல் இருந்திருக்கிறது. போய்விடுமென்று எண்ணி மேலும் தேய்த்தேன். எழுத்து போகவில்லை, கதவின் விளிம்பில் அடிப்பூச்சு தெரிந்தது. மெஷினை நிறுத்தினேன்.

அக்கா வந்து பார்த்தாள். "டாக்டர் எத்தனை பேருக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தாளாம்?"

அத்திம்பேர் குனிந்து எழுத்தை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"இருக்கட்டும். நீங்கோ ஓட்டற லட்சணத்துக்கு, இதைப் பாத்தாவது ரோட்டோரம் நடக்கறவா ஒதுங்கிப் போவா."

"கார்த்தால அவா வந்துடுவாடி" என்றார் அவர், எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் ரயில் நிலையத்தில், இடப்பக்கம் மதிலை உரசுமாறு காரை நிறுத்தி, வந்தவர்கள் எல்லோரையும் வலப்பக்கமாகவே ஏற்றினார். வீட்டிலும் மதிலோரமாகவே நிறுத்தி இறக்கினார். அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. காரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பின்னர் அந்தக் கார் இருந்த ஆண்டுகள் முழுவதும் அவர் அப்படியே நிறுத்தினார். தெருவார் எழுத்தைப் படிக்காமலா இருந்திருப்பார்கள்? அவர்களும் கேட்கவில்லை.

கார் பழைய இரும்பாகப் போயிற்று. மதில் இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது. அத்திம்பேரும் இல்லை. அக்காவை எங்கேனும் அழைத்துச் செல்ல என் காரை வாசலோரம் நிறுத்தினால், இடப்பக்கக் கதவை நான் திறந்து பிடித்திருக்க, அவள் பின்புறமாகச் சுற்றி, சாலையில் வரும் வண்டிகளுக்குக் காத்து நின்று, வலப்பக்கமாக ஏறுகிறாள்.