எந்தக் கடலுக்குப் போவது

என் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை, சம்பா அறுவடை சமயத்தில், அண்ணியையும் மகளையும் கூட்டிக்கொண்டு நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வருவான். நான் தஞ்சாவூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அவன் வந்துவிட்டால் கடையை வேலைக்கு இருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு, கணவரோடும் பிள்ளைகளோடும் போய் இரண்டு மூன்று நாள் தங்குவது வழக்கம். இந்தக் கதை நடந்தபோது என் மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று, அண்ணன் மகளுக்கு ஐந்து.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வந்தபோது அண்ணன் ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தான். மே கடைசியில் இரண்டு குடும்பமும் சேர்ந்து சொகுசுக் கப்பலில் போகவேண்டும். எந்த ஊருக்கு என்பதை மட்டும் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றான். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கப்பலை நான் படத்தில் பார்த்ததோடு சரி. பிள்ளைகள் அன்று முழுக்க நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டுக் கப்பல் விட்டார்கள்.

அந்த வருஷம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்பா ஈர நெல்லைத் தார் ரோட்டில் கொட்டி, வெயில் தலைகாட்டும்போதெல்லாம் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். மூட்டையிலேயே முளைத்துவிட்ட நெல் கொஞ்சம் கூடத்து ஓரத்தில் கிடந்தது. புளித்த வாடை வீடு முழுக்க இருந்தது. அதற்கு நடுவில் அண்ணன் தன் போனை டிவியில் இணைத்து, கப்பல் வீடியோக்களைப் போட்டான்.

பதினெட்டு மாடிக் கப்பல். நீச்சல் குளம், சறுக்கு, பாட்டுக் கச்சேரி. பிறகு சாப்பாட்டுக் கூடம் வந்தது. தர்பூசணியில் செதுக்கிய அன்னம், மலைபோல் குவித்த இறால், ஒருவர் தட்டில் இன்னொருவர் கை படுகிற நெரிசல். கேமரா நகர்ந்தபோது யாரோ பாதி தின்றுவிட்டுப் போன தட்டுகள் மேசைமேசையாகத் தெரிந்தன. ஒரு கேக்கில் கடித்த பல்லின் தடம்கூடத் தெரிந்தது. அப்பா சேற்றுக் காலோடு வாசல்படியில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார்.

“அவ்வளவும் யாரு திங்கிறது?” என்று கேட்டார்.

“மிச்சமானா கொட்டிடுவாங்கப்பா. அதெல்லாம் அவங்களுக்கு ஒரு விஷயமே இல்ல” என்றான் அண்ணன். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை இருந்தது, அந்தக் கப்பலே அவனுடையது என்பதுபோல. அப்பா மறுபடி ரோட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அந்தக் கேக்கைப் பார்த்ததிலிருந்து ஒருமாதிரி இருந்தது. அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை.

மூன்று ஊர்கள் பேச்சில் வந்தன. சென்னையிலிருந்து கிளம்பி இலங்கையைச் சுற்றி வருவது ஒன்று. கொச்சியிலிருந்து லட்சத்தீவு ஒன்று. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புவது ஒன்று. என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அதிகம் பேசாதவர். லட்சத்தீவில் கரையோரம் ஆழமில்லாத தண்ணீராக இருக்கும், சின்னப் பிள்ளைகள் இறங்கி விளையாடலாம் என்று அவர் சொன்னார். அங்கே போய் என்ன போட்டோ எடுப்பது, வெறும் மணல்தானே என்றாள் அண்ணி. இலங்கையை அண்ணன் ஒரே வார்த்தையில் தள்ளினான். வேதாரண்யத்தில் நின்று எட்டிப் பார்த்தாலே தெரிகிற ஊருக்கு எதற்குக் கப்பல் என்று கேட்டான். அண்ணியின் தோழி ஒருத்தி புக்கெட் போய்வந்து படம் போட்டிருந்தாள். மேல்தளத்தில், கையை விரித்துக்கொண்டு, பின்னால் கடல். அண்ணிக்கு அதே தளம், அதே கோணம் வேண்டும். அதை அவள் மறைக்கவும் இல்லை.

மறுநாள் தஞ்சாவூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனோம். பிள்ளைகளும் கூட வந்தார்கள். டை கட்டிய ஒரு இளைஞன் குளிர்ந்த ஜூஸ் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினான். நான் சில விஷயங்களைக் கேட்டேன். மே கடைசியில் புக்கெட் பக்கம் மழைக்காலம் தொடங்கிவிடுமே, கடல் கொந்தளிக்காதா? என் மகனுக்கு மன்னார்குடி பஸ்ஸில் போனாலே வாந்தி வரும், அவன் தாங்குவானா? நடுவில் எத்தனை நாள் கரையே தொடாமல் போகவேண்டும்? குளத்தில் பிள்ளைகளைக் கவனிக்க ஆள் இருக்குமா? அவன் எதற்கும் நேராகப் பதில் சொல்லவில்லை. பெரிய கப்பல் ஆடாது மேடம் என்றான். பிறகு முகம் மலர்ந்து, கிட்ஸ் கிளப் இருக்கிறது என்றான்.

“காலையில கொண்டுபோய் விட்டீங்கன்னா ராத்திரி வரைக்கும் அவங்க பாத்துப்பாங்க மேடம். கையில ஒரு பட்டை கட்டிடுவாங்க. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கறதே மறந்துபோயிடும்.”

இதை அவன் மூன்று பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னான். அண்ணன் மகள் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தாள். அண்ணி சிரித்து, அது ஒன்றுக்காகவே போகலாம் என்றாள். என் சின்னவள் ராத்திரியில் இன்னும் படுக்கையை நனைப்பாள். அப்படிப்பட்ட பிள்ளைகளை அங்கே சேர்க்கமாட்டார்கள் என்று தெரிந்ததும், அதற்குள் பழக்கிவிடு என்று அண்ணி என்னிடம் சொன்னாள். பிள்ளைகளோடு போவதற்கான ஊரைத் தேர்ந்தெடுக்க வந்த இடத்தில், பிள்ளைகளை எங்கே வைத்துவிட்டுப் போவது என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். ஜூஸைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

வாந்தி விஷயத்தை அண்ணன் விடவில்லை. மருமகனுக்குக் கடல் பழக்கம் இல்லை, அவ்வளவுதான், ஒரு நாள் பழக்கிவிட்டால் சரியாகிவிடும் என்றான். தரங்கம்பாடியில் தெரிந்தவர் மூலமாக ஒரு ஃபைபர் படகு ஏற்பாடு செய்தான். நான் மகனுக்கு வாந்தி மாத்திரை கொடுத்துக் கூட்டிப்போனேன். சின்னவள் என் கணவரோடு கரையில், கோட்டை ஓரமாக நின்றுவிட்டாள். அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான், என் மகன் ஐந்து பேரும் ஏறினோம். படகுக்காரர் அண்ணன் கொடுத்த சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினார்.

காற்று அதிகமாக இருந்தது. முதல் அலையைத் தாண்டியதுமே என் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த சில நிமிஷத்தில் வெளுத்துப்போனான். படகின் அடியில் பழைய மீன் கழிவும் டீசலும் கலந்த தண்ணீர் காலில் புரண்டது. அவன் குனிந்து வாந்தி எடுத்தான். காலையில் தின்ற இட்லி, மாத்திரையின் வெள்ளைத் துணுக்கு எல்லாம் அவன் புதுச் சட்டையிலும் என் புடவையிலும் விழுந்தன. போதும்மா, போயிடலாம்மா என்று அழுதான். நான் படகைத் திருப்பச் சொன்னேன்.

அண்ணன் எழுந்து நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். உதவிக்குத்தான் எழுந்தான் என்று நினைத்தேன். படம் எடுத்துக்கொண்டிருந்தான். “கேப்டன், புக்கெட்டுக்கு ரெடியா? ஆம்பளப் பிள்ளை வாந்தி எடுக்கலாமாடா?” என்று கேட்டபடியே கிட்டே வந்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தான். பிள்ளையின் மூக்கிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அண்ணி தன் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, காலை மடக்கிக்கொண்டாள். அண்ணன் படகுக்காரரிடம் இன்னொரு சுற்று போகச் சொன்னான். அவரும் போனார்.

கரைக்கு வந்ததும் ஒரு வீட்டு வாசல் குழாயில் மகனின் முகத்தைக் கழுவினேன். சட்டையைக் கழற்றிப் பிழிந்தேன். அந்த நாற்றத்தை நான் அருவருக்கவில்லை. பெற்றவளுக்கு அது பழக்கம். முதுகுக்குப் பின்னால் அண்ணனும் அண்ணியும் ஒரே போனில் குனிந்து அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டபோதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

காரில் வரும்போதே அது குடும்ப குரூப்பில் வந்துவிட்டது. அத்தைகள், சித்தப்பாக்கள், முகமே மறந்துபோன ஒன்றுவிட்ட உறவுகள் எல்லோரும் சிரிக்கும் முகங்களாகப் போட்டுக் குவித்தார்கள். சாயங்காலத்துக்குள் யாரோ என் மகனின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து ஸ்டிக்கராக மாற்றிவிட்டார்கள். வாய் திறந்து, கண் செருகி, கன்னத்தில் ஒழுகலோடு. அதற்குக் கீழே ‘சாப்பிட்டாச்சா?’ என்று எழுதியிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்கும் ஒவ்வொருவரும் அதைத்தான் அனுப்பினார்கள். என் மகனுக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருந்தது. என் போனை எடுத்து அதைக் கூட்டிப் படித்தான். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அண்ணனிடம் போய், அதை அழித்துவிடச் சொன்னேன்.

“சும்மா ஜாலிக்குப் போட்டது. இதுக்குப்போய் மூஞ்சத் தூக்கிக்கிட்டு நிக்கிற.”

“அவன் அழுதுகிட்டிருந்தான் அண்ணே. நீ இன்னொரு சுத்து போகச் சொன்ன.”

“அப்பதானே பழகும்.”

“அவன் பழகுறதுக்காகவா போகச் சொன்ன?”

அதற்கு அண்ணிதான் சொன்னாள், இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் பிள்ளை எதற்கும் லாயக்கில்லாமல் போய்விடும் என்று. அவள் கையில் போன் இருந்தது. கப்பலில் போட்டுக்கொள்ளத் தொப்பி பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. அவன் மோதிரம் போட்ட விரல், ஷார்ட்ஸுக்கு மேலே பிதுங்கிய வயிறு, திரையின் வெளிச்சம் விழுந்த கன்னம் எல்லாமே சகிக்கமுடியாததாகத் தெரிந்தது. அந்த வெறுப்பு எனக்கே பயமாக இருந்தது.

அதுவரை பேசாமல் சின்னவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த என் கணவர் தட்டைக் கீழே வைத்தார்.

“நாங்க கப்பலுக்கு வரல மச்சான். புக்கெட்டுக்கும் வேணாம், வேற எங்கயும் வேணாம். நீங்க போய்ட்டு வாங்க.”

“என்ன மாப்ள, ஒரு வீடியோவுக்காகவா?” என்றான் அண்ணன்.

“ஆமாங்க” என்றார் அவர். அதற்குமேல் எதையும் விளக்கவில்லை. தட்டை எடுத்து மீதிச் சோற்றை ஊட்டினார். கல்யாணமான பத்து வருஷத்தில் அவர் பேசியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான். மறுநாள் காலையிலேயே தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டோம். அப்பாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டேன். அவர் ரோட்டில் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தார். பேரன் தலையில் கை வைத்துவிட்டு, சரி போ என்றார்.

குடும்ப குரூப்பிலிருந்து நானும் கணவரும் விலகினோம். அதற்காகவும் சிலர் கோபித்துக்கொண்டார்கள். அண்ணன் ஊருக்குக் கிளம்பும்போது வழியனுப்பத் திருச்சி விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. மே மாத லீவுக்கு எங்கே போகலாம் என்று இந்த முறை பிள்ளைகளையே கேட்டோம். ரயில் என்றான் மகன், சின்னவளும் ரயில் என்றாள். மைசூர் வரைக்கும் போய், மிருகக்காட்சிசாலையில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துவிட்டு வந்தோம். ரயிலில் அவனுக்கு வாந்தி வரவில்லை.

அண்ணன் குடும்பம் புக்கெட் போய்வந்தது. அண்ணிக்கு வேண்டிய போட்டோ கிடைத்துவிட்டது. ஜூன் மாதத்தில் ஒருநாள், நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல, எனக்குப் போன் செய்து கப்பல் கதையெல்லாம் சொன்னாள். சாப்பாடு, பாட்டு, ஷாப்பிங். பேச்சோடு பேச்சாக, மகள் கிட்ஸ் கிளப்பில் இரண்டாம் நாள் அழுது ரகளை செய்துவிட்டாளாம், அவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம், ஷோவில் இருந்ததால் இவர்களுக்குக் கேட்கவே இல்லையாம் என்று சிரித்தாள். அடுத்த வருஷம் துபாய்ப் பக்கம் போகலாம், நீங்களும் கட்டாயம் வரணும் என்றாள்.

மருந்துக் கடையில் கூட்டம் இருந்தது. திட்டினாலும் எதற்கென்று அவளுக்குப் புரிந்திருக்காது.

“பிள்ளைகிட்ட குடுங்க அண்ணி” என்றேன்.

அண்ணன் மகள் வந்தாள். கப்பல் எப்படிம்மா இருந்தது, கடல் பெரிசா இருந்ததா என்று கேட்டேன்.

“கடல நான் பாக்கல அத்தை. எங்க ரூம்ல ஜன்னல் இல்ல” என்றாள்.

பிறகு அவளே, ஐஸ்கிரீம் மட்டும் நிறைய தின்றதாகச் சொன்னாள். ஒவ்வொன்றின் நிறத்தையும் சொல்லத் தொடங்கினாள். சீட்டை நீட்டி நின்ற ஒருவரிடம் பொறுங்கள் என்று கை காட்டிவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன்.