பங்களா விரிப்பு

சிரம்பானில் ஒரு கடையில் அம்மாவுக்காக லினன் படுக்கை விரிப்பு வாங்கினேன். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும் என்று கடைப்பெண் எனக்குப் பாடம் எடுத்தாள். எனக்கா தெரியாது? அந்தத் துணியைத் துவைத்துத்தான் அம்மா எங்களை வளர்த்தாள்.

இப்போது படுத்த படுக்கை. முதுகில் தோல் உரிகிறது. பாரோயில் எங்கள் வீட்டுக்கு வந்து புண்ணுக்கு மருந்து போடும் நர்ஸ் மிஸ்ஸிதான், "லினன் போட்டுப் பாருங்கலா அக்கா, வேர்க்காது," என்றார். போட்டேன். அட்டை மாதிரி இருந்தது. மறுநாள் முதுகு இன்னும் சிவந்தது.

அலசிப் பிழிந்தபோது ஈர வைக்கோல் வாசம் வந்தது. கோலா பிலா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாக் கொல்லையில் அம்மா காயப்போடும் விரிப்புகளில் மூக்கைத் தேய்த்து அடி வாங்கியிருக்கிறேன். அதே வாசம்.

துரைசானிக்கு விரிப்பு விறைப்பாக இருக்க வேண்டும். துணி பாவம், தானாக இளகப் பார்க்கும். விடமாட்டார். கஞ்சி போடு, இஸ்திரிப் பெட்டி போடு, மடி. எப்போதும் அதே மடிப்பு. கடைசியில் மடித்த இடத்திலேயே கீறிக்கொள்ளும். கிழிந்த பிறகுதான் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டுக்கு வரும்.

அம்மா நைந்த நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ஓரங்களைச் சேர்த்துத் தைப்பாள். அந்தத் தையல்தான் எனக்கும் அண்ணனுக்கும் எல்லை.

"காலு இந்தப் பக்கம் வந்துச்சு, ஒடிச்சிருவேன்," என்பான் அண்ணன்.

"ஒடி. அப்புறம் நீதான் என்னைத் தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போவணும்."

கஞ்சி இல்லை, பெட்டி இல்லை. எங்கள் வேர்வையிலும் புரளலிலும் அது இளகி இளகி, மேலே கிடப்பதே தெரியாத துணியாகிவிடும். அப்படி ஒன்றை நான் பிறகு தொட்டதில்லை.

கடைசி விரிப்பில்தான் அப்பா செத்தார். பெரியப்பா அதைப் பாடையோடு அனுப்பச் சுருட்டினார்.

"இது ஒண்ணுதான் இருக்கு மாமா. அலசி வச்சுக்கிறேனே."

"செத்தவன் துணியிலயா புள்ளைங்களைப் படுக்க வைப்ப?"

அம்மா விரிப்பை விட்டுவிட்டாள். சாமியைவிட சொந்தக்காரன் வாய்க்குத்தான் எங்கள் வீட்டில் பயம். அன்று வெறும் பலகையில் படுத்தோம்.

புது விரிப்பைத் தினமும் மெஷினில் போடுகிறேன். இளகுகிறது, ஆனால் மெதுவாக. அதுவரை அம்மா இருப்பாள் என்று மிஸ்ஸியின் முகம் சொல்லவில்லை.

நேற்று அதை விரித்துப் படுக்க வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தாள். பல நாளாகப் பேசாதவள் பேசினாள்.

"பங்களா துணிடி இது. எடு. துரைசானி ஏசும்."

"நான் வாங்குனதும்மா. உனக்குத்தான்."

"இன்னும் கிழியலையே."

புண் முதுகோடு துணியை விட்டு நகரப் பார்த்தாள். பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

பங்களாவை இடித்து வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். துரைசானி எந்த ஊரில் செத்தாரோ. "படுத்துக்கோ, பரவாயில்லை," என்று அம்மாவிடம் சொல்ல நான் யாரைப் போய்க் கூட்டிவருவது?