கெட்டில் ஓடையில் இரண்டு மணி

கல்யாணத்தன்று ஆட்டிஸ் கிராப்ட்ரீ, சபைக் கோயிலின் பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டார் என்றுதான் கெட்டில் ஓடையில் எல்லோரும் சொல்கிறார்கள். தபாலாபீஸில் கேட்டால் கென்டக்கி மாநில எல்லை வரைக்கும் ஓடினார் என்பார்கள். முடிவெட்டும் கடையில் இன்னும் கொஞ்சம் சேர்த்து, விருந்துக்கு வைத்திருந்த பன்றித் தொடையையும் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பார்கள். பன்றித் தொடை விஷயம் மட்டும் நிஜம். மற்றதை நான் சொல்கிறேன். எனக்கு நேராகத் தெரிந்தது பாதி, ஆட்டிஸின் அக்கா யூலா சொன்னது பாதி. யூலா எதையும் குறைத்துச் சொல்ல மாட்டாள், கூட்டித்தான் சொல்லுவாள். அதனால் நான் கொஞ்சம் கழித்துக்கொண்டே சொல்கிறேன்.

எங்கள் ஊர் நடுவே ஓடை போகிறது. ஓடைக்கு மேற்கே மெது நேரம், கிழக்கே வேக நேரம். மேற்கே ஒரு மணி என்றால் பாலத்தைத் தாண்டினால் இரண்டு மணி. பாலம் நாற்பதடி நீளம். ஆக நாற்பதடியில் ஒரு மணி நேரத்தைத் தொலைக்கலாம், திரும்பி வந்து பொறுக்கிக்கொள்ளலாம். அரசாங்கம் எதற்கு இப்படி நேரத்துக்குக் கோடு போட்டதென்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது. போட்டவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் எங்கே வரச் சொன்னாலும் ஒரு மணி நேரம் வரைக்கும் அது தாமதமே கிடையாது. பல் டாக்டர் காத்திருப்பார். பிணம்கூடக் காத்திருக்கும். அந்த ஒரு மணி நேரம் தாண்டினால்தான் கோபித்துக்கொள்ள உரிமை.

ஆட்டிஸ் மெது நேரத்துக்காரர். இருபத்திநாலு வயதில் கிழக்குக் கரையில் லர்லீன் என்ற பெண் அவரை ஆறு மணிக்கு ராச்சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். தன் ஆறு மணிக்கே போனார். அங்கே மணி ஏழு. ஒரு மணி நேரக் கணக்கு சரிதான், ஆனால் மாட்டு டாக்டரின் மகன் வேக நேரத்துக்காரன், சரியாக ஆறுக்கே வந்துவிட்டான். ஆட்டிஸ் போனபோது தட்டில் எலும்பு மட்டும் இருந்தது. லர்லீன் அவனுடைய காரில் இருந்தாள். மூன்று மாதத்தில் கல்யாணம்.

அன்றைக்கு ஆட்டிஸ் ஒரு முடிவு எடுத்தார். கிழக்குக் கரைக்காரர் மணி சொன்னால் அது அவர் மணி. கேள்வியே கிடையாது. இடக்கையில் மெது நேரக் கடிகாரம், வலக்கையில் வேக நேரக் கடிகாரம். முப்பத்திநாலு வருஷம் அப்படியே திரிந்தார்.

அவருக்கு வேலை பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. மேற்குக் கரைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைப் பள்ளியில் இறக்குவார். அந்தப் பள்ளியின் சமையலறையில்தான் வெர்டி ஸ்பார்க்மன் இருந்தாள். விதவை, ஐம்பத்தைந்து வயது, சிரித்தால் பாத்திரம் அதிரும். தினமும் காலையில் சூடான ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்து, வெள்ளித்தாளில் சுற்றி, பஸ் ஜன்னல் வழியாக நீட்டுவாள்.

"காசு?" என்பார் ஆட்டிஸ்.

"போடா, பஸ்ஸை எடு," என்பாள்.

பதினோரு வருஷம் இதுதான் பேச்சு. ஒரு பிப்ரவரி மழையில் ஆட்டிஸ் ரொட்டியை வாங்கிக்கொண்டு, "வெர்டி, நாம கட்டிக்கலாமா?" என்று கேட்டுவிட்டார். பின்னால் நாற்பது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தன.

"பஸ்ஸை எடுக்கிறதுக்குள்ள யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். பஸ் கிளம்பியதும், "சரி!" என்று கத்தினாள். பிள்ளைகள் கை தட்டின.

அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மேற்குக் கரைச் சபையில் கல்யாணம் என்று ஏற்பாடு. மாப்பிள்ளை, பெண், போதகர் லூமிஸ், யூலா, நாலே பேர். ஊருக்கு விருந்து மறுநாள், அங்கேயே. வெர்டி டெலிபோனில் சொன்னாள்: "ரெண்டு மணிக்கு வந்துடு ஆட்டிஸ். போதகரை நான் கார்ல கூட்டிட்டு வர்றேன்."

எந்த இரண்டு மணி என்று ஆட்டிஸ் கேட்கவில்லை. அவர்தான் முப்பத்திநாலு வருஷத்துக்கு முன்பே முடிவெடுத்தவராயிற்றே. வெர்டியின் இரண்டு என்றால் தன்னுடைய ஒன்று. போனை வைத்துவிட்டார்.

வெர்டிக்கும் ஒரு கதை உண்டு. செத்துப்போன அவள் புருஷன் மேற்குக் கரைக்காரன். அவனோடு இருபது வருஷம் குடும்பம் நடத்தியதில், மேற்குக் கரைக்காரரிடம் மணி சொல்லும்போது அவர் மணிக்கு மாற்றிச் சொல்வது அவள் நாக்கிலேயே ஏறிவிட்டது. அவள் சொன்னது ஆட்டிஸின் இரண்டு.

கல்யாணத்தன்று மெது நேரம் பன்னிரண்டரைக்கே ஆட்டிஸ் சபையில் உட்கார்ந்துவிட்டார். தம்பியின் வலக்கைக் கடிகாரத்தை யூலா கழற்றி வாங்கி வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு கையிலயும் மாட்டிக்கிட்டு நின்னா கடிகாரம் விக்க வந்தவன்னு நினைப்பாங்கடா."

ஒரு மணி ஆயிற்று. வெர்டி வரவில்லை. பரவாயில்லை, ஒரு மணி நேர வழக்கம் இருக்கிறது. ஒன்றேகால். ஆட்டிஸ் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். ஒன்றரை. மறுநாள் விருந்துக்கென்று யூலா முன்னாடியே கொண்டுவந்திருந்த பன்றித் தொடை மேசைமேல் மின்னியது. ஒன்றேமுக்கால். ஒரு ஈ வந்தது.

"லர்லீன் இப்ப எப்படி இருக்காளோ," என்றாள் யூலா.

"அக்கா, கொஞ்சம் வாயை மூடு."

"மாட்டு டாக்டரா யாரும் அந்தப் பக்கம் இருக்காங்களான்னு யோசிச்சேன், அவ்வளவுதான்."

இரண்டு மணி ஆயிற்று. ஆட்டிஸ் எழுந்திருக்கவில்லை. வழக்கத்துக்கு மேலே ஒரு நிமிடம் காத்தார். இரண்டு நிமிடம். மூன்று. ஊரில் எவனும் எவளுக்காகவும் இவ்வளவு காத்ததில்லை. ஜன்னல் வழியே பாலம் தெரிந்தது. பாலத்தில் ஒரு நாய் மட்டும் போயிற்று.

"அவ மனசு மாறிடுச்சு," என்றார். குரல் பஸ் கியர் மாதிரி கரகரத்தது. "நான் வீட்டுக்குப் போறேன்."

"போறவன் இதையும் கொண்டு போ. ஈ மொய்க்குது." யூலா பன்றித் தொடையை அவர் கையில் வைத்தாள். "நான் நாற்காலியெல்லாம் ஒதுக்கிட்டு வர்றேன்."

ஆட்டிஸ் வாசல் வழியாகத்தான் போனார். ஜன்னல் சின்னது, அவர் பெரியவர். சோயா வயலுக்குள் இறங்கினால் வீட்டுக்குக் குறுக்குவழி. தொடையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நடந்தார். திங்கட்கிழமை அந்தச் சமையலறை ஜன்னல் பக்கம் பஸ்ஸை எப்படி நிறுத்துவது என்பதுதான் அவர் யோசனை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார்.

இரண்டு பத்துக்கு வெர்டியின் கார் வந்து நின்றது. போதகர் தன் மூக்குக்கண்ணாடியைப் பத்து நிமிடம் வீடு முழுக்கத் தேடியிருக்கிறார், அது அவர் நெற்றியிலேயே இருந்திருக்கிறது. ஒரு மணி நேரத் தாமதத்துக்கு எங்கள் ஊரில் வழக்கம் உண்டு. அதற்கு மேல் பத்து நிமிடத் தாமதத்தை ஒருவரும் யோசித்து வைக்கவில்லை.

யூலா வயலைக் கை காட்டினாள். காரில் போக வழியில்லை. வெர்டி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஆட்டிஸ்! நில்லுடா!"

ஆட்டிஸ் திரும்பினார். காய்ந்த சோயாச் செடிகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பு வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், போதகர்.

"எங்கடா போற?" அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஒரு மணியிலேர்ந்து காத்திருந்தேன்."

"ஒரு மணிக்கு உன்னை யார் வரச் சொன்னது? ரெண்டுன்னுதானே சொன்னேன்?"

"உன் ரெண்டு என் ஒண்ணு."

"உன் ரெண்டைத்தான்யா சொன்னேன்! உனக்குச் சிரமம் வேணாம்னு மாத்திச் சொன்னேன்!"

"உனக்குச் சிரமம் வேணாம்னு நானும் மாத்திக்கிட்டேன்."

காய்ந்த தண்டு கீறியதில் அவள் பாதத்தில் ரத்தம் கோடாக இறங்கியது. ஆட்டிஸ் அதைப் பார்த்தார்.

"அப்புறம் ரெண்டு மணிக்கும் நீ வரலையே?" என்றார் மெல்ல.

"அதை அந்த மனுஷன்கிட்ட கேளு." பின்னால் விரலைக் காட்டினாள். "என்னை என்ன நினைச்சே? வரமாட்டேன்னா?"

"தட்டுல எலும்புதான் இருக்கும்னு நினைச்சேன்."

வெர்டிக்கு லர்லீன் கதை தெரியும். பன்றித் தொடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "முழுசாத்தானே இருக்கு," என்றாள்.

போதகர் வந்து சேர்ந்தார். சபைக்குத் திரும்பி நடக்கத் தன்னால் ஆகாது என்றார். அங்கேயே, சோயா வயலில், கல்யாணம் நடந்தது. பெண்ணின் கையைப் பிடிக்கச் சொன்னபோது ஆட்டிஸ் தொடையை எங்கே வைப்பது என்று விழித்தார். கடைசியில் போதகர்தான் அதை வாங்கிக்கொண்டு ஜெபம் செய்தார்.

இதற்குக் கொஞ்சம் முன்னால், வெர்டி துரத்தி வந்தபோதுதான், ஊர்க்காரன் ஹோய்ட் பீஸ்லி சாலையில் டிராக்டர் ஓட்டிப் போனான். அவன் முழுசாகப் பார்க்கவில்லை. முன்னால் தொடையோடு ஒரு ஆள், பின்னால் கல்யாணப் பெண், அதற்கும் பின்னால் போதகர். அவ்வளவைப் பார்த்துவிட்டு நேராகத் தபாலாபீஸுக்குப் போனான்.

போன வாரம் முடிவெட்டும் கடையில் ஆட்டிஸ் நாற்காலியில் இருந்தபோது, யாரோ மறுபடியும் அந்தக் கதையை எடுத்தார்கள். ஜன்னல், கென்டக்கி, எல்லாம். ஆட்டிஸ் துண்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். இரண்டு கையிலும் கடிகாரம் இருந்தது.

"ஓடினேனாம்! இந்த முட்டியை வச்சுக்கிட்டு, கையில எட்டு கிலோ தொடையோட நான் ஓடுவேனா? நடந்துதான்யா போனேன். ஓடினது அவ."